திரும்பி வரும் தண்ணீர் எத்தனை டிகிரி?

குளிர் நாட்டு நகரங்களில் ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கி, தெருவுக்கு அடியில் குழாய் பதித்து, ஊர் முழுக்க வீடுகளைக் கதகதப்பாக வைத்திருக்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் என்கிற இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினால், வெப்பம் எதிலிருந்து கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கட்டடங்களின் அடித்தளத்தில் வெப்பப் பரிமாற்றிகளோடு, அதாவது தெருக் குழாய்த் தண்ணீரின் சூட்டைக் கட்டடத்துத் தண்ணீருக்கு மாற்றும் கருவிகளோடு, வேலை செய்யும் நான் முதலில் பார்ப்பது, தண்ணீர் எத்தனை டிகிரியில் திரும்புகிறது என்பதை.

1877-இல் அமெரிக்காவின் லாக்போர்ட்டில் பொறியாளர் பர்ட்சில் ஹாலி இதைத் தொடங்கியபோது குழாயில் ஓடியது நீராவி. பிறகு அழுத்தமேற்றிய வெந்நீர் வந்தது; இன்று பெரும்பாலும் 100 டிகிரிக்குக் கீழே. வெப்பநிலை இறங்க இறங்கத்தான் மாற்று ஆதாரங்களுக்கு வழி திறக்கிறது. ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி நிலையம் சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது. அந்த நீரில் சூடு குறைவு. அதை எவ்வளவு உயர்த்த வேண்டுமோ அவ்வளவுக்கு, குறைந்த சூட்டை எடுத்து உயர்த்தித் தரும் ஹீட் பம்ப் மின்சாரம் கேட்கும்.

ஒரு கணக்கு. 80 டிகிரியில் போகும் தண்ணீர் 40-இல் திரும்பினால் 40 டிகிரி வெப்பம் பயன்பட்டிருக்கிறது. 60-இல் திரும்பினால் வெறும் 20. அதே வெப்பத்துக்கு இருமடங்கு தண்ணீர் ஓட வேண்டும். அதே குழாயில் அதைத் தள்ள பம்புக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு மின்சாரம் ஆகும்!

தண்ணீர் ஆறாமல் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. யாரோ திறந்துவிட்டு மூட மறந்த பைபாஸ் வால்வு (தண்ணீரைப் பயன்படுத்தாமலே குறுக்கு வழியில் திருப்பி அனுப்புவது), உப்புப் படிந்த பரிமாற்றி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட அறை ரேடியேட்டர். போகும் குழாயிலும் வரும் குழாயிலும் உள்ள தெர்மாமீட்டர்கள் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால் கோளாறு அந்தக் கட்டடத்துக்குள்தான்.

சரி, அனுப்பும் தண்ணீரின் வெப்பநிலையை இன்னும் குறைத்துவிடலாமே என்றால், அங்கே கவனம் வேண்டும். குளிக்கும் வெந்நீரைத் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தேக்கினால் லெஜியோனெல்லா கிருமி வளரும். நுரையீரலைத் தாக்கும் கிருமி அது. அதனால் தொட்டி இல்லாமல், தேவைப்படும்போது அங்கேயே சூடாக்கும் தட்டுப் பரிமாற்றியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979-இல் வெப்ப விநியோகச் சட்டமே கொண்டுவந்தது. அங்கே பல நிறுவனங்கள், தண்ணீர் அதிகச் சூட்டோடு திரும்பினால் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. ஆறித் திரும்பினால் தள்ளுபடி. இது எல்லா ஊரிலும் வர வேண்டும். ஆனால் அந்தக் கட்டணத்தை வாடகைக்கு இருப்பவர் தலையில் கட்டக்கூடாது. அடித்தளச் சாவி கட்டட நிர்வாகத்திடம் இருக்கிறது. பில்லும் அவர்களுக்கே போகட்டும்.