எட்டுக் கோழி வளர்க்கலாம், ஒரு சேவல் கூடாது

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2010-ல் கோழி விதியை மாற்றினார்கள். வீட்டுக் கொல்லையில் மூன்று கோழி வளர்க்கலாம் என்றிருந்ததை எட்டாக உயர்த்தினார்கள். கூடவே, சேவல் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். நியூயார்க்கிலும் இதே கதைதான்: பெட்டைக்குச் சரி, சேவலுக்குத் தடை. லாஸ் ஏஞ்சலிஸ் கொஞ்சம் தாராளம், 2009-லிருந்து வீட்டுக்கு ஒரு சேவல்.

இந்த ஊர்களில் பலர் சேவல் என்று தெரிந்து வாங்குவதே இல்லை. முட்டைக்காக நாலு குஞ்சு வாங்குவார்கள். ஒரு நாள் குஞ்சு ஆணா பெண்ணா என்று பெரும்பாலான இனங்களில் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வாலடித் துளையை லேசாகப் பிதுக்கி, உள்ளே கடுகைவிடச் சிறிய மேடு இருக்கிறதா என்று பார்க்கும் கலை ஒன்று உண்டு. ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்தது. அதில் கைதேர்ந்தவர்களும் எப்போதாவது தவறுவார்கள். தவறிய அந்த ஒன்று வீட்டுக்கு வரும், பிள்ளைகள் அதற்குப் பேர் வைப்பார்கள், மடியில் வந்து உட்காரும். மூன்று மாதத்தில் அதன் கொண்டை மட்டும் மற்றதைவிடச் சிவக்கும். நாலைந்து மாதத்தில் ஒரு விடியலில், உடைந்த குரலில் ‘கொக்... க்ர்ர்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.

உடனே எல்லோரும் செய்வது கூண்டின் மேல் கறுப்புத் துணியைப் போட்டு மூடுவது. வெளிச்சம் தெரிந்தால்தானே கூவும் என்ற கணக்கு. இந்தக் கணக்கு பாதிதான் சரி.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-ல் வெளியான ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. சேவல்களை நாள் முழுக்க ஒரே மாதிரி மங்கலாக இருக்கும் அறையில் விட்டார்கள். விடியல் என்ற ஒன்றே அங்கே கிடையாது. ஆனாலும் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் சேவல்களுக்குக் ‘காலை’ வந்தது, கூவின. விளக்கு போட்டு அணைக்கும் அறையிலோ, விளக்கு எரிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டன. வெளிச்சத்தைக் காட்டினாலும், இன்னொரு சேவலின் கூவலைப் பதிவு செய்து போட்டாலும் கூவத்தான் செய்தன. ஆனால் எவ்வளவு கூவும் என்பதை உடம்புக்குள் தானாக ஓடும் கடிகாரம் தீர்மானித்தது. விடியற்காலையில் காட்டினால் பலமாகக் கூவும், மற்ற நேரத்தில் அவ்வளவு இல்லை. சாமக்கோழி என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது பெரிய அதிசயம் இல்லை. அகலிகை கதையில் இந்திரன் அகாலத்தில் சேவலாகக் கூவி முனிவரை ஆற்றுக்கு அனுப்ப முடிந்ததும், இருட்டில் சேவல் கூவுவது வழக்கம்தான் என்பதால்தானே.

அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? கோழிக்கு அதன் முக்கியமான பகுதி மூளையின் மேற்பக்கம் உள்ள பினியல் சுரப்பி. கோழியின் மண்டையோடு மெல்லியது. ஒளி அதைத் துளைத்து இந்தச் சுரப்பியை நேராகவே எட்டும், கண் தேவையில்லை. இதைவிட வியப்பு, அந்தச் சுரப்பியின் செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாலும், மெலடோனின் என்ற ஹார்மோனை இரவில் கூட்டியும் பகலில் குறைத்தும் சில நாள் சுரந்துகொண்டிருக்கும். கிண்ணத்துக்குள்ளேயே ஓடும் கடிகாரத்தைத் துணி போட்டு எப்படி நிறுத்துவது? விடிந்த பிறகு வெளிச்சம் பார்த்துக் கூவும் கூவலைத் துணி குறைக்கும். நாலரை மணிக் கூவலுக்கு அது பதில் இல்லை.

சரி, நேரத்தை மாற்ற முடியாது, சத்தத்தையாவது குறைக்கலாமா? சேவல் கூவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் இறக்கையைப் படபடவென்று அடிக்கும். காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை மேலே நீட்டி, அலகை அகலத் திறக்கும். நமக்குக் குரல்வளை தொண்டையில் இருக்கிறது. பறவைக்கோ மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள். உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகளை அழுத்தி, சேர்த்து வைத்த காற்றை ஒரே மூச்சில் அதன் வழியே தள்ளுகிறது. பெல்ஜியத்தில் சேவலின் காதோரம் ஒலிவாங்கி வைத்து அளந்தபோது 100 டெசிபலைத் தாண்டியது, ஒரு சேவலில் 142 வரை போனது. அப்புறம் அது எப்படிச் செவிடாகாமல் இருக்கிறது? அலகை முழுக்கத் திறக்கும்போது காதுத் துளையை மென்தசை மூடிக்கொள்கிறது, செவிப்பறையில் பாதி மறைந்துவிடுகிறது. கூவும்போது தானே காதைப் பொத்திக்கொள்கிறது என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 90 என்று வைத்துக்கொண்டால் 16 மீட்டரில் 66, அதாவது பக்கத்தில் ஒருவர் உரக்கப் பேசுவது போல. பகலில் தெருச் சத்தத்தில் இது கரைந்துவிடும். நாலரை மணி நிசப்தத்தில் கரையாது.

ஆகவே வளர்ப்பவர்கள் உடம்பின் பொறியமைப்பிலேயே கை வைக்கிறார்கள். இரவில் சேவலை உயரம் குறைந்த பெட்டியில் வைத்தால் கழுத்தை நீட்ட இடமிருக்காது, கூவல் குறையும் என்கிறார்கள். பெட்டியைச் சுவர்களுக்கு நடுவே, கொட்டகைக்குள் வைப்பது இன்னும் மேல். காற்றோட்டம் மட்டும் முக்கியம், கோழிக்கு வியர்க்காது. கழுத்தில் இறுக்கும் வெல்க்ரோ பட்டையும் விற்கிறார்கள். கழுத்து விரிவதைத் தடுத்து, காற்று முழு வேகத்தில் வராமல் செய்வது அதன் வேலை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சுற்று அதிகம் இறுகினால் மூச்சு முட்டும், இறகு கோதும்போது அலகு மாட்டிக்கொள்ளும்.

காயடித்துவிட்டால்? 1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்த்தோல்டு என்பவர் ஆறு இளம் சேவல்களை வைத்துப் பார்த்தார். விதைகளை எடுத்த சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, சண்டை போடவில்லை, கூவவில்லை. எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் பதித்தபோது எல்லாம் திரும்பி வந்தது. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோன நிலையிலும் வேலை செய்கிறதென்றால், ஏதோ ஒன்று ரத்தம் வழியே போகிறது என்றார். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. ஆனால் சேவலின் விதை வெளியே இல்லை, சிறுநீரகத்தை ஒட்டி உள்ளே இருக்கிறது. வயிற்றைத் திறக்க வேண்டும். வீட்டுச் செல்லத்துக்கு யாரும் சாதாரணமாகச் செய்யும் வேலை இல்லை.

இரண்டு சேவல் இருந்தால், சத்தமாகக் கூவுவதை மட்டும் கிராமத்துப் பண்ணைக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நகோயாக்காரர்கள் 2015-ல் இதற்கும் விடை சொன்னார்கள். கூட்டத்தின் பெரியவர் முதலில் கூவுவார், மற்றவை வரிசைப்படி. பெரியவரை எடுத்துவிட்டால் அடுத்தவர் முதலில் தொடங்குவார்.

கடைசியில் சேவல்கள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, பெட்டைகளை மட்டும் வைத்திருக்கிறீர்கள். கோழிக்குப் பொதுவாக இடது சூலகம் மட்டுமே வேலை செய்யும். நோயில் அது கெட்டுப்போனால், வலப்பக்கம் வளராமல் கிடந்த உறுப்பு பெருத்து ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கலாம். கொண்டை சிவக்கும், முட்டை நிற்கும், அபூர்வமாகச் சில பெட்டைகள் கூவவும் செய்யும். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்பார்கள் ஊரில். விடியுமோ இல்லையோ, புகார் வந்து வாசலில் நிற்கும் அதிகாரியிடம் ‘ஐயா, இது பெட்டை’ என்று சொல்லிப் பாருங்கள்.