பதினைந்தாம் வரியை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை?

தோட்டத்துப் பூக்களைப் பாடும் ஒரு சானட்டின் (வழக்கமாக 14 வரிகளில் அமையும் கவிதை வடிவம்) யாப்பையும் இயைபையும் வடிவத்தையும் ஆராயச் சொன்ன தேர்வு வினாவுக்கு, இந்த முறையும் கட்டுக் கட்டாக ஒரே விடையைத் திருத்தினேன்: “இதில் 14 வரிகள் உள்ளன, ஆகவே இது சானட்.” கொடுத்திருந்த கவிதைக்கோ 15 வரிகள்.

அது ஷேக்ஸ்பியரின் 99ஆம் சானட். 1609இல் அச்சான அத்தொகுப்பின் 154 பாடல்களில் 126ஆவது 12 வரிகளில் முடிகிறது. 145ஆவதில் அடிக்கு வழக்கமான ஐந்துக்குப் பதிலாக நான்கே சீர்கள். மனப்பாடம் செய்த இலக்கணத்தை எழுதிவிட்டு, கண்முன் இருக்கும் கவிதையை எண்ணிக்கூடப் பார்க்காமல் விடுவதுதான் என்னை வருத்துகிறது. வரிக்கணக்கு சரியாகவே இருந்தாலும் அது ஆய்வின் வாசற்படி மட்டுமே. கூடுதல் வரி எங்கே நுழைந்தது, அங்கே என்ன செய்கிறது என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

இயைபைக் கேட்டால் விடை கிடைக்கும். முதல் ஐந்து வரிகள் சைட், ஸ்மெல்ஸ், பிரைட், ட்வெல்ஸ், டைட் என முடிகின்றன. கடைசிச் சொல்லின் எழுத்துக்கூட்டல் வேறாக இருப்பதால் பலர் அது முன்னவற்றோடு இயையவில்லை என்று எண்ணிப் புதிய இயைபுக் குறியீடு இட்டுவிடுகிறார்கள்; வாய்விட்டுப் படித்திருந்தால் இந்தப் பிழை வந்திராது. வயலட் பூவைத் திருடி என்று கடிந்துகொள்ளும் பகுதிதான் ஒரு வரி நீண்டிருக்கிறது. (இதை எதுகை என்று எழுதாதீர்கள்; அடியின் இறுதியில் ஒன்றுவது இயைபு.)

குறில் நெடில் பார்த்து அசை பிரித்துப் பழகிய நாம், ஆங்கில அடியையும் அப்படியே அளக்க முற்படுகிறோம். அங்கே அளவுகோல் அழுத்தம். முதல் வரி மெலிந்தும் அழுந்தியும் ஐந்து சீர்களாக ஒழுங்காக நடக்கிறது. இரண்டாம் வரியோ ‘ஸ்வீட் தீஃப்’ என்று இரண்டு அழுத்தங்களை அடுத்தடுத்து வைத்துத் தொடங்குகிறது. கடிந்துகொள்பவரின் குரல் அந்த இடத்தில் தடித்து ஒலிக்கிறது. இந்த ஐந்து சீர் நடைக்கு உரிய ‘ஐயாம்பிக் பெண்டாமீட்டர்’ என்ற பெயரை எழுதிவிட்டு நகர்ந்தவர்கள் இழந்தது இதைத்தான்.

அன்புகூர்ந்து, பென்சிலைத் தொடுமுன் இருமுறை உரக்கப் படியுங்கள். இயைபைக் காதால் குறியுங்கள். அழுத்தம் பிசகும் இடத்தைப் பிழையென்று ஒதுக்காமல் அதன் பொருளைத் தேடுங்கள். பூக்களின் திருட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிவந்த கவிதை, மூன்றாம் ரோஜாவைப் புழு அரித்துக் கொல்லும் இடத்தில் ஏன் இருள்கிறது, அடுத்த ஈரடியில் ஏன் மீண்டும் காதலரிடமே திரும்புகிறது என்பதையும் எழுதுங்கள். அப்படி எழுதிய ஒரு விடைத்தாளாவது அடுத்த கட்டில் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.