தடித்த கம்பி போட்டால் வால் ஏன் வழுக்குகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், பின்சக்கரங்கள் தள்ளும் வகை. டிராக்கில் ஓட்டுவதற்காகப் பின்பக்க ஆன்டி-ரோல் பாரை, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை, மாற்றியிருக்கிறார். 14 மி.மீ. கம்பியைக் கழற்றிவிட்டு 16 மி.மீ. கம்பி. "வண்டி இப்போது வளைவில் அதிகம் சாய்வதில்லை. ஆனால் பாதி வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. சாய்வு குறைந்தால் பிடிமானம் கூடத்தானே வேண்டும்?"

கூட வேண்டியதில்லை. காரணம் கம்பியில் இல்லை, டயரில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல்களில் இது ஒன்று.

வளைவில் திரும்பும்போது உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்குச் சுமை மாறும் என்பது தெரிந்ததே. எவ்வளவு மாறும் என்பது வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது டயர்களுக்கு இடையே உள்ள அகலம், வளைவில் போகும் வேகம், வளைவின் இறுக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. 1,000 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் 45 செ.மீ. உயரத்தில், அகலம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால் சுமார் 320 கிலோ வெளிப்பக்கம் போய்விடும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? உடல் சாய்வதால் ஈர்ப்பு மையம் கொஞ்சம் நகர்வது உண்மை, ஆனால் அது சின்னத் தொகை. மற்றபடி எவ்வளவு இறுக்கமான சஸ்பென்ஷன் போட்டாலும் அந்த 320 கிலோ போயே தீரும். சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, சுமை மாறுவது தெரிவதில்லை. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, சுமை மாறினால் என்ன? உள் டயர் இழந்ததை வெளி டயர் பெற்றுக்கொள்ளாதா? பள்ளியில் படித்த உராய்வு விதிப்படி பெற்றுக்கொள்ள வேண்டும். சுமை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும் என்று அமோன்டன்ஸ் 1699இல் சொன்ன விதி அது. மரம், இரும்பு போன்றவற்றுக்கு நன்றாகவே பொருந்தும். ரப்பர் மட்டும் அதற்கு முழுசாகக் கட்டுப்படுவதில்லை.

பென்சில் அழிக்கும் ரப்பரை ஒரு கண்ணாடியில் வைத்து அழுத்தி, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். முதலில் லேசாக அழுத்தும்போதே அதன் முனை சட்டென்று பரவி ஒட்டிக்கொள்ளும். இன்னும் அதே அளவு கூடுதலாக அழுத்தினால் கொஞ்சம்தான் பரவும். சாலையில் டயருக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கி உட்காருகிறது. சுமை கூடக் கூட இன்னும் இறங்குகிறது, ஆனால் உண்மையில் தொடும் பரப்பு சுமைக்கு ஈடாக வளர்வதில்லை. அதனால் டயரின் மேல் ஏறும் ஒவ்வொரு கூடுதல் கிலோவும் முந்தைய கிலோவை விடக் குறைவான பிடிமானத்தையே தருகிறது.

புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. பின் டயர் இரண்டின் மீதும் தலா 250 கிலோ. அந்தச் சுமையில் உராய்வுக் கெழு (சுமையைப் போல எத்தனை மடங்கு பிடிமானம் கிடைக்கிறது என்ற எண்) 1.10 என்றால் மொத்தப் பிடிமானம் 550 கிலோவுக்குச் சமம். இப்போது 100 கிலோ வெளியே மாறட்டும். உள் டயரில் 150 கிலோ, கெழு 1.15. வெளி டயரில் 350 கிலோ, கெழு 1.05. கூட்டினால் 540. பத்து கிலோ நஷ்டம். 200 கிலோ மாறினால்? உள்ளே 50 கிலோ, கெழு 1.20. வெளியே 450 கிலோ, கெழு 1.00. கூட்டினால் 510. மாற்றம் இரண்டு மடங்கு, நஷ்டம் நான்கு மடங்கு! இந்த வர்க்கக் கணக்கில்தான் சஸ்பென்ஷன் வித்தை முழுவதும் இருக்கிறது.

ஏனென்றால் மொத்தம் 320 கிலோ மாறுவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பது நம் கையில் இருக்கிறது. அந்தப் பங்கைத் தீர்மானிப்பவற்றில் மாற்றுவதற்கு எளிதானது ஆன்டி-ரோல் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் வளைந்த கம்பி அது. வண்டி சாயும்போது முறுக்கிக்கொண்டு, சாய்வை எதிர்த்து, வெளி டயரைச் சாலையில் அழுத்தி, உள் டயரைத் தூக்கப் பார்க்கும். முன், பின் இரண்டில் எந்தப் பக்கம் கம்பி விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 14இலிருந்து 16 என்றால் பார்வைக்கு இரண்டே மில்லிமீட்டர்தான், விறைப்பில் அது 70 சதவீதம் கூடுதல்.

வாசகரின் வண்டியில் நடந்தது இதுதான். பின்பக்கப் பங்கு 200 ஆகி, முன்பக்கப் பங்கு 120 ஆனது என்று வைத்தால், முன் டயர்கள் இழப்பது 14 கிலோ, பின் டயர்கள் இழப்பது 40. பிறகு பின்பக்கம் முதலில் கைவிடாமல் என்ன செய்யும்? மறுபக்கம் பார்த்தால், முன்கம்பியைத் தடிமனாக்கினால் பின் டயர்களுக்குப் பிடிமானம் கூடும். முன்னால் மாற்றிப் பின்னால் பலன் பெறுவது எனக்கு இன்றும் பரவசம் தருகிற விஷயம்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு ஸ்பேனர் போதும். நானே என் வண்டியில் பின்கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் சின்ன லிங்க்கை ஒரு பக்கம் மட்டும் கழற்றி, தொங்காமல் கட்டிவைத்துவிட்டு, டிராக்கில் நிதானமாக இரண்டு சுற்று ஓட்டினேன். வண்டி படகு மாதிரி சாய்ந்தது. ஆனால் வாலை ஒதுக்கிக்கொண்டிருந்த அதே வளைவில் பின்பக்கம் பசை போட்டது போல ஒட்டி நின்றது. அப்புறம் முன்பக்கம்தான் திரும்ப மறுத்தது.

அப்படியானால் சாய்வைக் குறைப்பதே வீணா? இல்லை. சாயும்போது வெளி டயர் நிமிர்ந்து நிற்காமல் விளிம்பில் நிற்கிறது. சில சுற்றுகள் முடிந்ததும் முன் டயரின் வெளித் தோள்பட்டையில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ரப்பர் சுருண்டு, அழிப்பான் தூள் போல உருண்டிருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தை நிறுத்தி வைத்திருக்கும் சாய்வு, போதவில்லை. சக்கரத்தின் மேல்முனையை உள்ளே சாய்த்து வைக்கும் அலைன்மென்ட் அதைச் சரிசெய்யும். முதல் செலவு இதில்தான் இருக்க வேண்டும் என்பேன். ஸ்பிரிங்கை இறுக்கினால் ஷாக் அப்சார்பரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும்.

வண்டியைத் தாழ்த்தத் தாழ்த்த நல்லது என்பது மட்டும் வெறும் மூடநம்பிக்கை. 2 செ.மீ. தாழ்த்தினால் நம் 320 கிலோவில் குறைவது சுமார் 14 கிலோ. அதற்கு விலையாக சஸ்பென்ஷன் இறங்க இடம் போய்விடுகிறது. நடு வளைவில் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அதற்கு மேல் இறங்காமல் தடுக்கும் கட்டையில்) இடித்த கணமே அந்த மூலை கல்லாக விறைத்து, சுமையெல்லாம் அந்த டயரில் விழும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே நான் எடுத்துக்காட்டாகத் தந்த கெழுக்களுக்குப் பதில் உங்கள் டயரின் உண்மையான எண்களைத் தேடினால் கிடைக்காது, பெரும்பாலும் அவை தயாரிப்பாளர்களிடம் பூட்டி இருக்கின்றன. ஃபார்முலா எஸ்ஏஇ என்ற பந்தயக் கார் வடிவமைப்புப் போட்டியின் மாணவர் அணிகள் பணம் சேர்த்துத் தங்களுக்கென்று டயர் சோதனைகளை நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் ஹான்ஸ் பாசெய்க்கா தந்த, டயரின் விசையைக் கணக்கிட உலகமே பயன்படுத்தும் 'மேஜிக் ஃபார்முலா' கூட சோதனை வளைகோட்டுக்குப் பொருத்தப்பட்ட சமன்பாடுதான். ரப்பரின் அடிப்படை இயல்பிலிருந்தே தொடங்குகிற ஆய்வு ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் போ பெர்சன் செய்வது போன்றது. மழையில் பிரேக் பிடித்த ஒரு பேருந்து எங்கே போய் நிற்கும் என்பதையும் ரப்பரின் உராய்வுதான் முடிவு செய்கிறது. பொதுப்பணம் இதற்குத் தாராளமாகப் போக வேண்டும்.

வாசகருக்கு: பழைய 14 மி.மீ. கம்பியைத் திரும்பப் போடுங்கள். புதிய கம்பியின் முனையில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, லிங்க்கைக் கடைசித் துளைக்கு மாற்றிப் பாருங்கள். நெம்புகோல் நீளும், கம்பி மென்மையாகும். இரண்டு பக்கமும் ஒரே துளையில் இருக்கட்டும்.