எக்ஸோம் ‘நார்மல்’ என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள்

மதுரையில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மூன்று வயதுப் பையன். பிறந்தபோது துவண்டு கிடந்தான். பால் சப்பத் தெம்பில்லாமல் டியூப் வழியாகத்தான் ஊட்டினார்களாம். இப்போது தலைகீழ். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை, எடை ஏறிக்கொண்டே போகிறது. கையில் எக்ஸோம் சீக்வென்சிங் (ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனை) அறிக்கை: கோளாறு எதுவும் இல்லை.

கூட வந்த அப்பத்தாதான் முதலில் பேசினார். “நான்தான் பிடிவாதமா என் தம்பி மகளை எடுத்தேன் டாக்டரம்மா. அந்தப் பாவந்தான் பிள்ளைக்கு வந்திருச்சா?”

பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

எக்ஸோம் தவறாகச் சொல்லவில்லை. அது டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படித்தது; படித்த எழுத்துகளில் பிழை இல்லை. ஆனால் சி என்ற எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்களில், சி-யின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்கூறு ஒட்டியிருக்கலாம். நம் மரபுத்தொகுதியில் அப்படிச் சுமார் 2.8 கோடி இடங்கள் உண்டு. பல ஜீன்கள் வேலை செய்வதும் அடங்கிக் கிடப்பதும் இந்த ஒட்டுதலைப் பொறுத்தது. வழக்கமான சீக்வென்சிங்கில் டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுப்போம். நகலில் எழுத்து வரும், மெத்தில் வராது.

அதைப் பிடிக்கும் வழியை நம் ஊர் சுங்குடியை வைத்துத்தான் நான் விளக்குவேன். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சு இருந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. இங்கே சாயத்தின் வேலையைச் செய்வது பைசல்பைட் என்ற உப்பு. மெத்தில் இல்லாத சி எல்லாம் அதில் மாறி, படிக்கும்போது டி என்று தெரியும். மெத்தில் என்ற முடிச்சு இருந்தால் சி அப்படியே நிற்கும். பிறகு மூல வரிசையோடு ஒப்பிட்டால் முடிச்சுகள் எங்கெங்கே என்று தெரிந்துவிடும். 1992-ல் வந்த முறை இது. 2009-ல் மனித மரபுத்தொகுதி முழுவதற்கும் எழுத்து எழுத்தாக இப்படி வரைபடம் போட்டார்கள். நானோபோர் என்ற வகை சீக்வென்சிங் கருவிகள் இந்த உப்பே இல்லாமல் மெத்திலை நேரடியாக உணர்கின்றன.

ஆனால் இந்தப் பையனுக்கு முழு வரைபடம் தேவையில்லை. யாராவது வாங்கச் சொன்னாலும் செலவழிக்க வேண்டாம். 15-ஆம் குரோமோசோமில் ஒரே ஒரு பகுதியைப் பார்த்தால் போதும். அங்கே அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் மெத்தில் ஒட்டி ஜீன்கள் அடங்கிக் கிடக்கும்; அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் மெத்தில் இருக்காது, அதுதான் வேலை செய்யும். பையனுக்கு மெத்தில் ஒட்டிய அம்மாவின் பிரதி மட்டுமே தெரிந்தது. அப்பாவின் பிரதி வேலை செய்யாததால் வரும் பிராடர்-வில்லி நோய் இது. இந்த நோயில் 99 சதவீதத்துக்கும் மேல் இந்தச் சோதனையிலேயே பிடிபட்டுவிடும்.

துவண்ட குழந்தை, பால் சப்பாத குழந்தை என்றால் மெத்தில் ஒட்டுதலைப் பார்க்கும் இந்த ‘மெத்திலேஷன் சோதனை’ வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சீக்கிரம் தெரிந்தால் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நேரத்தோடு தொடங்கலாம்.

அப்பத்தாவுக்குத்தான் அதிக நேரம் எடுத்துச் சொன்னேன். சொந்தத்தில் கட்டினால் சில நோய்களுக்கு வாய்ப்புக் கூடும், உண்மைதான். இது அந்த வகை இல்லை. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. எப்படி நேர்ந்தது என்று பார்க்க அடுத்த சோதனைக்கு அனுப்பினோம். அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் அந்தப் பகுதி விடுபட்டிருந்தது; அம்மாவின் பிரதியில் எழுத்துகள் இருந்ததால் எக்ஸோம் அறிக்கையில் அது தெரியவில்லை. பெற்றோரின் குரோமோசோம்கள் சரியாக இருந்தன. அடுத்த பிள்ளைக்கு வர 1 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புத்தான் என்றேன்.

அப்பத்தா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இவ மேலயும் குத்தமில்லையா?” என்றார்.

இல்லை அம்மா, யார் மேலும் இல்லை என்றேன்.