கொரியா அட்ரஸ்ல வர்ற "கு", "தோங்" - வீடு மாறுனா எங்க போய் சொல்லணும்?

கொரியா சிட்டிகள்ல "கு"ன்னா சிட்டியைப் பிரிச்ச பெரிய பகுதி, "தோங்"னா அதுக்குள்ள வர்ற சின்ன பகுதி. சியோல் பக்கத்துல உள்ள சூவோன் சிட்டியில யோங்தோங்-குன்னு ஒரு ஏரியா, சாம்சங்கோட பெரிய கேம்பஸ் இருக்குற இடம், 2003 நவம்பர்ல பால்தால்-குவுல இருந்து பிரிச்சாங்க.

"கு"ன்னு பேர் ஒண்ணுதான், ஆனா ரெண்டு ரகம் இருக்கு. சியோல்ல உள்ள 25 குவும் தனித்தனி உள்ளாட்சி, 1995ல இருந்து தலைவரை ஜனங்களே ஓட்டு போட்டு எடுக்குறாங்க, கவுன்சிலும் உண்டு. சூவோன்ல உள்ள 4 கு அப்படி கிடையாது, 5 லட்சம் பேருக்கு மேல இருக்குற சிட்டி வேலைய பிரிச்சு பாக்க வச்சிருக்குற கிளை ஆபீஸ், தலைவரை மேயரே போடுவாரு. வித்தியாசம் குப்பைப் பையிலயே தெரியும்: காசு குடுத்து வாங்குற அந்தப் பையில சியோல்ல குவோட பேரு இருக்கும், சூவோன்ல சிட்டி பேரு.

அடுத்து தோங், இதுலதான் நிறைய பேர் முழிக்கிறது. யோங்தோங்-கு அட்ரஸ்ல மேதான்-தோங்னு ஒண்ணுதான் இருக்கும், ஆனா ஆபீஸ் கணக்குல மேதான் 1, 2, 3, 4னு நாலு தோங், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சென்டர், அதாவது அந்தப் பகுதியோட சின்ன அரசு ஆபீஸ். உங்க வீடு எதுல வருதுன்னு ஹவுஸ் ஓனர்கிட்ட முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க.

இப்ப ரூலுக்கு வரேன். ரெசிடென்ஸ் கார்டு வச்சிருக்குற வெளிநாட்டுக்காரங்க வீடு மாறுனா 15 நாளைக்குள்ள புது அட்ரஸ சொல்லியாகணும், இல்லன்னா ஃபைன். இமிகிரேஷன் ஆபீஸ்லதான் சொல்லணும்னு இல்ல, புது ஏரியாவோட கு ஆபீஸ்லயோ தோங் சென்டர்லயோ முடிச்சுக்கலாம். பாஸ்போர்ட், கார்டு, வாடகை அக்ரிமென்ட் மூணும் எடுத்துட்டு போங்க.

ஃபைனுக்கு பயந்து மட்டும் செய்யுற வேலைன்னு நினைக்காதீங்க, வாடகை டெபாசிட்டுக்கு பாதுகாப்பே இதுலதான் இருக்கு. குடி வந்து அட்ரஸையும் பதிஞ்சுட்டா மறுநாள்ல இருந்து ஓனர் வீட்டை வித்தாலும் புது ஓனர் அக்ரிமென்ட்டை மதிச்சே ஆகணும், கூடவே அக்ரிமென்ட்ல தேதி முத்திரையும் (இந்தத் தேதியில அக்ரிமென்ட் இருந்துச்சுன்னு உறுதி பண்ற முத்திரை) வாங்கிட்டா, வீடு ஏலத்துக்கு போனா உங்களுக்கு அப்புறம் கடன் குடுத்தவங்களுக்கு முன்னாடி உங்க பணத்த கேக்கலாம். பத்தாவது நாள், பதினொன்னாவது நாள்னு இழுத்துட்டு இருக்குறப்ப ஓனர் வீட்டை அடமானம் வச்சுட்டா பேங்க் உங்களுக்கு முன்னாடி நிக்கும், அதனால சாமான் இறக்குன அன்னைக்கே போயிடுங்க.

எஃப்-5 நிரந்தர விசா கிடைச்சு 3 வருஷம் ஆச்சுன்னா, 18 வயசும் இருந்தா, உள்ளாட்சி தேர்தல்ல ஓட்டும் உண்டு. யோங்தோங்ல இருந்தா கு தலைவருக்குன்னு ஓட்டுச்சீட்டு மட்டும் தர மாட்டாங்க, மேயருக்கு போடலாம்.