குஞ்சின் தொண்டையில் மஞ்சள் கட்டி

அட்டைப்பெட்டிக்குள் இரண்டு புறாக் குஞ்சுகள். பத்து நாள் வயசிருக்கும், மஞ்சள் பூமுடி இன்னும் உதிரவில்லை. ஒன்றின் அலகைத் திறந்ததுமே அழுகல் வாடை. நாக்குக்குப் பின்னால் உதிர்ந்த பாலாடைக்கட்டி மாதிரி ஒரு மஞ்சள் கட்டி, ஓரத்தில் ரத்தம். "தீக்குச்சியில பஞ்சு சுத்தி எடுத்துப் பார்த்தேன் சார், முழுசா வரல" என்றார் கொண்டுவந்தவர்.

ரத்தம் வந்ததே அந்தத் தீக்குச்சியால்தான். கட்டி சதையோடு ஒட்டி வளர்ந்திருக்கும். பிய்த்தால் அடியிலுள்ள ரத்தக்குழாயும் கிழியும். குஞ்சுக்கு உடம்பிலிருக்கும் ரத்தமே கொஞ்சம். தயவுசெய்து கட்டியைச் சுரண்டாதீர்கள்.

இதற்குக் காரணம் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. புறா வளர்ப்பவர்கள் கேங்கர் என்பார்கள். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி, வெதுவெதுப்பான உப்புநீர்ச் சொட்டில் கலந்து, உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சாட்டை போன்ற இழைகளை அடித்துக்கொண்டு துள்ளுவது தெரியும். ஸ்லைடு ஆறிப்போனால் அசைவு நின்றுவிடும், கண்ணெதிரே இருந்தாலும் அடையாளம் தெரியாது. அதனால்தான் பறவையை உயிரோடு கொண்டுவரச் சொல்கிறோம். வாயில் மஞ்சள் படிந்தால் எல்லாம் கேங்கர் என்றும் இல்லை. புறா அம்மையிலும் வைட்டமின் ஏ குறைந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அவற்றுக்குக் கேங்கர் மருந்து கொடுத்துப் பயனில்லை.

"தாய் தகப்பன் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு சார்?" எல்லோரும் கேட்கும் கேள்வி. நன்றாக இருப்பதுதான் சிக்கல். வளர்ந்த புறாக்களில் பெரும்பாலானவை இந்த ஒட்டுண்ணியைத் தொண்டையில் வைத்துக்கொண்டே ஆரோக்கியமாகத் திரியும். குஞ்சு பொரிந்ததும் ஆணும் பெண்ணும் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும். முதல் ஊட்டலிலேயே நோயும் சேர்ந்து இறங்கிவிடும். பெரிய புறாக்களுக்குள் ஒரே தண்ணீர்ப் பாத்திரம் வழியாகப் பரவும். உலர்ந்த இடத்தில் இது தாக்குப்பிடிக்காது, ஆகவே தினமும் பாத்திரத்தைக் கழுவி வெயிலில் காயவைப்பதே பாதி வைத்தியம்.

மருந்து கூட்டிலுள்ள அத்தனை புறாவுக்கும் ஒரே நாட்களில் போக வேண்டும். தண்ணீரில் கலப்பது வசதிதான், ஆனால் நோய் முற்றிய பறவை தண்ணீரே குடிக்காது. அதற்கு எடை பார்த்து வாயில்தான் கொடுக்க வேண்டும். இரண்டே நாளில் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

குடற்புழு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒன்றில்தான்: ஆட்டுக்கும் நாய்க்கும் வாங்கிய ஃபென்பெண்டசோல், ஆல்பெண்டசோல் புழு மருந்துகளைப் புறாவுக்கு ஊற்றுவது. இவை புறாவின் எலும்பு மஜ்ஜையையும் குடலையும் தாக்கும், வளரும் இறகையும் கெடுக்கும். மற்ற பிராணிகளுக்கு ஒத்துக்கொள்வது புறாவுக்கு விஷமாகிறது. அதிலும் பாதிப் பேர் பச்சை எச்சத்தைப் பார்த்துப் புழு என்று முடிவுகட்டியவர்கள். பட்டினி கிடந்தாலே எச்சம் பித்தம் கலந்து பச்சையாகும்.

உருண்டைப்புழுவா, கண்ணுக்கே எளிதில் தெரியாத முடிப்புழுவா, குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியான காக்சிடியாவா என்பதை எச்சப் பரிசோதனை சொல்லும். இரவில் தரையில் காகிதம் விரித்து, காலையில் பல புறாக்களின் புது எச்சத்தைக் கொண்டுவாருங்கள். நாலைந்து காக்சிடியா தெரிந்தால் பதற வேண்டாம், நல்ல புறாவிலும் இருக்கும். உருண்டைப்புழு முட்டை ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். தரை ஈரமாகவே கிடந்தால் எந்த மருந்தும் நிற்காது.

பேன் இறகைத் தின்னும், குளிக்கத் தண்ணீர் வைத்தால் ஓரளவு குறையும். புறா ஈயைத்தான் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டையான பழுப்பு ஈ, இறகுக்குள் பக்கவாட்டில் ஓடும், ரத்தம் குடிக்கும், கையில் பிடித்த ஆளையும் கடிக்கும். ஹீமோபுரோட்டியஸ் என்ற ரத்த ஒட்டுண்ணியைப் புறாவுக்குப் புறா கடத்துவது இதுதான். இதன் கூட்டுப்புழு குஞ்சுக்கூட்டின் குப்பையில் கிடக்கும். 20 நாளுக்கு ஒருமுறை அந்தக் குப்பையை முழுதாக மாற்றினால் ஈயாகிப் பறக்குமுன் போய்விடும். சுரண்டுமுன் எச்சத்தை நனைத்துக்கொள்ளுங்கள். கேங்கர் மனிதருக்கு வராது, ஆனால் காய்ந்த எச்சத்தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

ரத்தம் வந்த குஞ்சு அன்று சாயங்காலமே போய்விட்டது. மற்றது மருந்தை விழுங்கியது. மறுநாள் பெற்றோர் ஜோடியைக் கொண்டுவந்தார். தாய்ப்புறாவின் ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஆண் புறாவுடையதில் கூட்டம் கூட்டமாக. அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"என்கிட்ட இருக்கிறதிலயே நல்ல புறா இதுதான் சார். எல்லா ஜோடிக்கும் இதைத்தான் மாத்தி மாத்தி விட்டேன்."