பேபேக் பீரியட் என்றால் திருப்பிச் செலுத்தும் காலமா?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் ஒரு அண்ணன், பட்டுப்புழு வளர்ப்பு மனை கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தார். திட்ட அறிக்கையின் தமிழ்ப் படியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, மேனேஜரு ஏழு வருஷத் தவணைன்னு சொன்னாரு. இதுல திருப்பிச் செலுத்தும் காலம் நாலு வருஷம்னு போட்டிருக்கு. மூணு வருஷத்த யாரு முழுங்குனாங்க?"

யாரும் முழுங்கவில்லை. பேபேக் பீரியட் என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் அப்படி எழுதிவிட்டார். சொட்டுநீர்க் கையேடு, கோழிப்பண்ணைப் பயிற்சி ஏடு, மா அடர்நடவுத் துண்டறிக்கை என்று எங்கே பார்த்தாலும் இதே சொல். சலித்துவிட்டது.

பொருள் இதுதான்: ஒரு தொழிலில் போட்ட முதல், அந்தத் தொழில் ஆண்டுதோறும் தரும் நிகர வரவாலேயே முழுதாகக் கைக்குத் திரும்ப ஆகும் காலம். அண்ணன் அறிக்கையில் மனைக்கும் தளவாடத்துக்கும் 4 லட்சம். மல்பெரித் தோட்டச் செலவு, இளம்புழு, ஆள்கூலி எல்லாம் போக ஆண்டுக்கு 1 லட்சம் நிற்கும் என்று போட்டிருந்தார்கள். வகுத்தால் 4. கட்டடத் தேய்மானத்தை இங்கே கழிப்பதில்லை. கட்டடத்துக்குப் போட்ட காசு எப்போது வரும் என்றுதானே கேட்கிறோம். கடனே வாங்காமல் கைக்காசில் கட்டியிருந்தாலும் விடை 4தான்.

ஆங்கிலத்தில் 'பே' என்ற சொல் லத்தீனில் சமாதானப்படுத்துவது என்ற பொருளில் கிளம்பி, கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவது வழியாகப் 'பணம் கொடு' என்று ஆனது. சரி, அது அவர்கள் கதை.

நம் கதைக்கு வருவோம். திரும்புவது வேறு, திருப்புவது வேறு. மாடு தானே திரும்பும். மாட்டை ஆள் திருப்புவான். 'செலுத்து' என்பதும் அப்படித்தான், 'செல்' என்பதன் பிறவினை. ஆக, 'திருப்பிச் செலுத்து' என்றதுமே கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவே ஒரு கடன் மூன்றும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பேபேக் கணக்கில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. போன காசு தானாகத் திரும்பி வருகிறது. தன்வினையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிறவினையைப் போட்டதால்தான் அண்ணனுக்கு மூன்று வருஷம் காணாமல் போனது.

இதை உணர்ந்த சிலர் 'மீட்புக் காலம்' என்கிறார்கள். அதுவும் தேறாது. 'மீள்' தன்வினை, 'மீட்பு' பிறவினையிலிருந்து வந்தது. பழைய தவறே புதுச்சட்டை போட்டு நிற்கிறது. அதோடு, விதைப்புக்கு நகையை அடகு வைத்து அறுவடைக்குப் பின் மீட்கிற ஊர்களில் மீட்புக் காலம் என்றால் நகைக்கடன் கெடு என்றுதான் காதில் விழும். வெள்ளத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுவதும் மீட்புதான்.

என் பரிந்துரை: முதல் மீளும் காலம். 'முதல்' நம்மிடம் பழைய சொல். 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்' என்று குறள் 463 சொல்வது இந்த முதலைத்தான். பேச்சிலும் 'முதலுக்கே மோசம்' இருக்கிறது. 'அசல்' வேண்டாமா என்றால், அது அரபியிலிருந்து வந்தது என்பதற்காக விரட்டச் சொல்லமாட்டேன். கடன் தொகைக்கு அசல், தொழிலில் போட்டதற்கு முதல் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம்.

இன்னொன்று. இந்தக் கணக்கு முதல் மீண்டதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு வருவதைப் பார்க்காது. விலை நின்றால் தக்காளியில் ஒரே போகத்தில் முதல் மீண்டுவிடும். கிருஷ்ணகிரி பெங்களூரா மா ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வரவே நான்கைந்து வருஷம். ஆனால் மரம் பல பத்தாண்டு நிற்கும். காலம் குறைவு என்பதாலேயே லாபம் அதிகம் என்று ஆகாது. 'திருப்பிச் செலுத்தும் காலம்' என்று எழுதினால் இந்த விஷயத்தைப் பேசவே வழியில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒரு விவசாயியிடம் கேட்கலாம். செலவுபோக நிற்கும் மார்ஜினை 'விளிம்பு' என்கிறார்கள். பாத்திரத்துக்கா வயலுக்கா தெரியாது. கன்று நட்டுப் பலனுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளை ஒரு துண்டறிக்கை 'கர்ப்ப காலம்' என்றே எழுதியிருந்தது. மாமரத்துக்கு வளைகாப்பு செய்யச் சொல்லவில்லை, அதுவரை நல்லது.

அண்ணனின் படியில் அந்த வரியை அடித்துவிட்டுப் புதுச்சொல்லை எழுதப் பேனாவை எடுத்தேன். "இரு தம்பி, அடிச்சுத் திருத்துனா பேங்குல ஒத்துக்குவாங்களா?" என்றார். அதுவும் சரிதான். பென்சிலில், ஓரமாக எழுதிக் கொடுத்தேன்.